வயல்வெளியும் வண்ணக்கூடமும்

இயற்கையைத் தீட்டும் ஓவியன் இயற்கையின் எதிரே அமர்ந்து தீட்டினால்தான் அது மெய். வீட்டுக்கு வந்து நான்கு சுவர்களுக்குள் அமர்ந்து தீட்டினால் அது பொய் என்றொரு கருத்து கலையுலகில் நெடுநாளாக உலவி வருகிறது. கவிதைக்கும் உரைநடைக்குங்கூட இக்கருத்தை ஏற்றிச் சொல்வோர் உளர். உள்ளத்தில் பட்டவுடன் கொட்டியதே கவிதை, திருத்தியதெல்லாம் செயற்கை என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இனிய வாதந்தான். உழைக்க விரும்பாதவர்க்கு இன்னும் இனியது. ஆயினும் அது உண்மைதானா என்று உரசிப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். ஆங்கில நாட்டு இயற்கை ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் (1776–1837) தொழில்முறையை அவ்வுரைகல்லாகக் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

அவரைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. திறந்தவெளியில் எண்ணெய் வண்ணங்கொண்டு தீட்டியவர்களுள் தலையாயவர் என அவரைப் போற்றுவோர் பலர். அவருடைய புகழுக்கு நிலைக்களனாய் நிற்கும் பெரிய ஓவியங்களோ லண்டன் மாநகரில் அறைக்குள் தீட்டப்பட்டவை. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்தான் அவரது கலை விளங்கும். நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கும் விடை கிடைக்கும்.

கான்ஸ்டபிள் பிறந்தது சஃபக் மாவட்டத்து ஈஸ்ட் பெர்கோல்ட் என்னும் சிற்றூரில். தந்தையார் தானிய வணிகர். ஸ்டூர் ஆற்றங்கரையில் ஃபிளாட்ஃபோர்டிலும் டெடமிலும் நீராலைகளை நடத்தியவர். ஊருக்கு அருகில் ஒரு காற்றாலையும் அவருக்கு இருந்தது. இளமையில் மகனும் ஆலையில் வேலை செய்தார். காற்றாலைக்காரனுக்கு வானம் வேடிக்கைப் பொருளன்று. காற்று எத்திசையில் திரும்பும், முகில் எப்போது கனக்கும் என்பதை முன்கூட்டி அறியாதவன் ஆலையின் இறக்கைகளையே இழக்க நேரும். வானத்தை வயிற்றுப்பாட்டோடு சேர்த்துக் கற்ற இக்கல்வி, பின்னாளில் எந்த ஓவியப் பள்ளியும் கொடுத்திருக்க முடியாத கல்வியாகும். 1799இல் லண்டன் ராயல் அகாடமியின் பள்ளியில் சேர்ந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின், பிறர் தீட்டிய படங்களின் பின்னே ஓடி உண்மையை இரண்டாங்கையாய்த் தேடிக் காலங்கழித்துவிட்டதாக நண்பருக்கு மடல் எழுதிவிட்டுத் தம் ஊருக்குத் திரும்பி இயற்கையின் முன் அமர்ந்தார்.

அமர்ந்த ஓவியரிடம் இருந்த கருவிகள் யாவை? முதலாவது, சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய பென்சில் ஏடு. 1813, 1814 ஆகிய இரு கோடைகளில் அவர் நிரப்பிய இத்தகைய ஏடுகள் இரண்டு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. உள்ளங்கையளவே உள்ள தாள்களில் கலப்பை, மதகு, படகு, மாடு, தேவாலயக் கோபுரம், மரத்தின் கிளை பிரியும் இடம் ஆகியன நெருக்கியடித்து நிற்கின்றன. இரண்டாவது, வண்ணப் பெட்டி. அதனை மடிமீது வைத்து மூடியைத் திறந்தால், மூடியின் உட்புறமே தாங்குபலகை ஆகிவிடும். பூச்சுக் கொடுத்த தாளையோ அட்டையையோ அதில் ஊசியால் குத்தி நிறுத்துவார். அச்சிறு படங்களின் மூலைகளில் ஊசித் துளைகளை இன்றும் காணலாம். ஓர் அடி அகலங்கூட இல்லாத படங்கள் அவற்றுள் பல.

இன்று கடையில் விற்கும் வண்ணக்குழாய் அன்று இல்லை. உலோகக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறைக்கு ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் உரிமை பெற்றதே 1841இல்தான்; அது கான்ஸ்டபிள் மறைந்து நான்காண்டுகள் கழிந்த பின்னர். அவர் காலத்தில் எண்ணெயில் குழைத்த வண்ணத்தை விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலில் கட்டி விற்றனர். சிறு ஆணியால் குத்தி, வேண்டிய அளவு பிதுக்கி, துளையை மீண்டும் ஆணியாலேயே அடைக்க வேண்டும். அடைப்புச் சரியில்லையெனில் வண்ணம் காய்ந்துபோகும். அழுத்தம் மிகுந்தால் பை வெடித்துப் பெட்டியெல்லாம் பரவும். ஈய வெள்ளை, சாதிலிங்கம், மஞ்சட்காவி, செங்காவி, பிரஷ்ய நீலம் என அளவான நிறங்களே பெட்டியில் இருக்கும். எனவே வெளியில் அமர்ந்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது இன்பப் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. மழையும் ஈயும் காற்றும் ஒருபுறம், கைவிட்டுப் போகும் வெளிச்சம் மறுபுறம் நின்று நெருக்க, இடையில் செய்யும் வேலை அது.

நேரம் மிச்சப்படுத்த அவர் கையாண்ட உத்தி ஒன்று கவனிக்கத்தக்கது. தாளுக்கு முன்னரே பழுப்பும் செம்மையும் கலந்த அடிப்பூச்சுக் கொடுத்து வைத்திருப்பார். புல்லையும் மரத்தையும் அதன்மீது விரைந்து இடும்போது, இடையிடையே அடிப்பூச்சு வெளித்தெரியும்படி விட்டுவிடுவார். தீட்டாமல் விட்ட இடமே மண்ணாகவும் நிழலாகவும் கிளையாகவும் நின்று பச்சைக்கு வெம்மை கூட்டும்.

இவ்வகையில் அவர் செய்தவற்றுள் நம்மைப் பெரிதும் ஈர்ப்பன முகில்களின் படங்களே. 1819 முதல் கோடைக்காலத்தில் குடும்பத்தோடு லண்டனுக்கு வடக்கே ஹாம்ஸ்டெட் மேட்டில் வீடெடுத்துத் தங்கத் தொடங்கினார். 1821, 1822 ஆகிய ஈராண்டுகளில் அம்மேட்டிலிருந்து வானத்தை மட்டுமே திரும்பத் திரும்பத் தீட்டினார். 1822இல் மட்டும் ஏறக்குறைய 50 வான்படங்கள் செய்திருப்பதாக நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதினார். பலவற்றில் மரமில்லை, மனிதரில்லை, தொடுவானங்கூட இல்லை. முகில் மட்டுமே உண்டு. படத்தின் பின்புறத்தைத் திருப்பினால் அங்கே அவர் கைப்படக் குறிப்பு இருக்கும்: இன்ன மாதம், இன்ன நாள், இன்ன மணிக்கும் இன்ன மணிக்கும் இடையே, காற்று இன்ன திசை, அதன்பின் மழை பெய்ததா இல்லையா என்பன போன்ற விவரங்கள். லூக் ஹோவர்ட் என்பார் முகில்களை வகைப்படுத்திப் பெயரிட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. அவ்வகைப்பாட்டை விளக்கிய தாமஸ் ஃபார்ஸ்டரின் வானிலை நூலைக் கான்ஸ்டபிள் வாங்கி, ஓரங்களில் குறிப்பெழுதிப் படித்திருக்கிறார்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்ததோடு, பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனவும் பிரித்த இலக்கணம் நம்முடையது. அதனைப் பயின்றவர்க்கு இக்குறிப்புகளின் அருமை எளிதில் விளங்கும். சிறுபொழுது சொல்லாத நிலம் முழுமை பெறாது. ஓர் இடத்தின் எழில் என்று நாம் சொல்வது, அவ்விடத்தில் ஒரு நாழிகையின் எழிலையே. கான்ஸ்டபிள் இதனை நன்குணர்ந்தவர் என்பதற்கு அவர் படங்களுக்கு இட்ட பெயர்களே சான்று. இன்று ‘வைக்கோல் வண்டி’ என உலகறிந்த ஓவியத்தை 1821இல் ராயல் அகாடமியின் கண்காட்சியில் வைத்தபோது அவர் கொடுத்த பெயர் ‘இயற்கைக்காட்சி: நண்பகல்’ என்பதேயாகும். வண்டி அதில் ஒரு கருப்பொருள், நண்பகலே முதற்பொருள்.

இனி வண்ணக்கூடத்துக்குள் நுழைவோம். அகாடமியின் கண்காட்சிச் சுவர்களில் படங்கள் தரையிலிருந்து கூரைவரை இடைவெளியின்றித் தொங்கும். ஓர் அடித் தாளை அங்கே யாரும் கண்ணெடுத்துப் பாரார். ஆகவே 1819இல் ‘வெள்ளைக் குதிரை’ தொடங்கி ஆறடி அகலங்கொண்ட பெரிய கித்தான்களில் ஸ்டூர் ஆற்றங்கரைக் காட்சிகளைத் தீட்டலானார். சட்டைப்பை ஏட்டிலிருந்து ஆறடிக் கித்தானுக்குத் தாவுவது எளிதன்று. சிறிதில் உயிரோடிருப்பது பெரிதில் வெறுமையாகிவிடும். இவ்விடரைக் கடக்க அவர் கண்ட வழி வியப்புக்குரியது. இறுதிப் படத்தின் அதே ஆறடி அளவில் ஒரு முழு முன்வரைவை எண்ணெய் வண்ணத்திலேயே முதலில் தீட்டினார். கண்காட்சிக்கும் விற்பனைக்கும் உரியதன்று அது. தமக்கு மட்டுமே உரியது. பின்னர் அதனை அருகில் வைத்துக்கொண்டு இரண்டாவது கித்தானில் கண்காட்சிக்குரிய படத்தைத் தீட்டினார். ஒரே அளவில் இருமுறை தீட்டும் இவ்வழக்கம் அக்காலத்து ஓவியரிடையே காண்பதற்கரியது. பிழைப்புக்கு முட்டுப்பட்டிருந்த ஒரு குடும்பத் தலைவர் தம் பொருளையும் காலத்தையும் இவ்வாறு இருமடங்கு செலவிட்டார் என்பதை நாம் எளிதாகக் கடந்து செல்லலாகாது.

‘வைக்கோல் வண்டி’ உருவான கதை இதற்குத் தக்க சான்று. ஃபிளாட்ஃபோர்ட் ஆலையின் அருகே, வில்லி லாட் என்னும் உழவரின் வீட்டெதிரே, ஆழமில்லாத நீரில் வெற்று வண்டியொன்று நிற்கிறது. வலப்புறம் நெடுந்தொலைவில் புல்லறுக்கும் ஆட்கள் தெரிகின்றனர். இது தீட்டப்பட்டது குளிர்காலத்தில், லண்டன் வீட்டில். வீட்டையும் ஆற்றையும் முன்பே பலமுறை தீட்டிய சிறு படங்கள் கையில் இருந்தன. ஆனால் வண்டியின் அமைப்பு போதிய அளவு நினைவில் இல்லை. ஊரிலிருந்த தம்பி ஏபிரமுக்கு எழுதிக் கேட்டார். ஜானி டன்தோர்ன் என்னும் இளைஞர் 1821 பிப்ரவரியின் கடுங்குளிரில் நின்று வண்டியின் கோட்டுருவை வரைந்து தர, அது லண்டனுக்கு அனுப்பப்பட்டது. உலகம் கண்டு மகிழும் அந்தக் கோடை நண்பகலில், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மட்டும் குளிர்காலத்திலிருந்து வந்து சேர்ந்தவை!

இப்போது நாம் சொல்லக் கருதியதைச் சொல்லலாம். கான்ஸ்டபிளின் ஆறடி முன்வரைவுகளை அவர் காலத்தவர் கண்டதில்லை. அவர் மறைந்த பின்னரே அவை வெளிவந்தன. ‘வைக்கோல் வண்டி’, ‘தாவும் குதிரை’ ஆகியவற்றின் முன்வரைவுகள் இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சென்ற நூற்றாண்டின் சுவைஞர் பலர், முற்றுப்பெற்ற படங்களைவிட இம்முன்வரைவுகளே உயர்ந்தவை என்றனர். அவற்றின் தடித்த தூரிகை வீச்சையும் கொந்தளிப்பையும் கண்டு, இயற்கையின் நேரடி மூச்சு இங்கேதான் இருக்கிறது என மகிழ்ந்தனர். ஆனால் அம்முன்வரைவு எங்கே தீட்டப்பட்டது? ஆற்றங்கரையிலன்று, அதுவும் அறைக்குள்ளேதான், பழைய ஏடுகளையும் நினைவையும் துணைகொண்டுதான் தீட்டப்பட்டது. வெளியின் மூச்சு என்று அவர்கள் கொண்டாடியது வண்ணக்கூடத்தின் மூச்சேயாகும்.

இதற்கு நேர் எதிரான சான்றும் உண்டு. 1814இல் தீட்டி 1815இல் காட்சிக்கு வைத்த ‘ஃபிளாட்ஃபோர்ட் ஆலையருகே படகு கட்டுதல்’ முழுவதும் திறந்தவெளியிலேயே தீட்டப்பட்டது என்று கான்ஸ்டபிளே கூறியதாக அவர் வரலாற்றை எழுதிய நண்பர் லெஸ்லி பதிவு செய்துள்ளார். அப்படமோ மெருகு குலையாது, அமைதியாக, ஒவ்வோர் ஆணியும் பலகையும் எண்ணத்தக்க தெளிவோடு விளங்குகிறது. அதற்குச் சற்று முன்னர், மூத்த ஓவியர் ஃபாரிங்டனின் அறிவுரைப்படி, பழைய ஓவியர் குளோட் லொரேனின் படங்களின் செப்பத்தை அவர் கூர்ந்து கண்டிருந்தார். அக்கண்ணோடு ஆற்றங்கரையில் அமர்ந்தார். வெளியில் தீட்டியது செப்பமாக இருக்கிறது. அறையில் தீட்டியது புயலாக இருக்கிறது! வெளியே புதுமை, உள்ளே பழமை என்னும் கோட்பாடு இவ்விரு படங்களின் முன் நிற்கமாட்டாது.

அரபு நூல் மரபில் ஆசிரியரின் கைப்படிகளை இருவகையாகப் பிரிப்பர். அடித்தும் திருத்தியும் இடைச்செருகியும் கருத்துப்போன முதற்படி ‘முஸவ்வதா’; கருமையாக்கப்பட்டது என்பது அதன் பொருள். தேர்ந்து தெளிந்து பெயர்த்தெழுதிய செப்பப்படி ‘முபய்யளா’, அதாவது வெண்மையாக்கப்பட்டது. முதற்படியில் ஆசிரியரின் மனம் ஓடிய தடம் தெரியும். கற்போர்க்கு அது பெருஞ்செல்வம். ஆயினும் ஆசிரியர் தம் பெயரால் உலகுக்கு ஒப்படைத்தது செப்பப்படியைத்தான். முதற்படியைப் படித்து மகிழ்வது வேறு; அதுவே நூல் என்று வழக்காடுவது வேறு. கான்ஸ்டபிளின் ஆறடி முன்வரைவு முஸவ்வதா. அதனை மதிக்கும் நாம், அதற்காக முபய்யளாவைக் கீழே தள்ள வேண்டுவதில்லை.

அதற்காக முற்றுப்பெற்றது எப்போதும் மேலானது எனவும் நாம் சொல்லவில்லை. படந்தோறும் தனித்தனியே வைத்து மதிப்பிட வேண்டும். ‘வைக்கோல் வண்டி’யில் இறுதிப் படமே வெல்கிறது என்பது நம் கருத்து. முன்வரைவில் கரையோரம் நாயின் அருகே குதிரைமீது ஒருவர் இருக்கிறார். இறுதிப் படத்தில் அவர் இல்லை. அவர் விலகியதும் நம் பார்வை தடையின்றி நீரைக் கடந்து வண்டிக்குச் செல்கிறது. நண்பகலின் அமைதி அப்போதுதான் நிறைவெய்துகிறது. வானத்திலும் முன்வரைவைவிட இறுதிப் படமே மேலோங்கி நிற்கிறது. ‘தாவும் குதிரை’யிலோ (1825) நாம் தயங்குகிறோம். அதன் முன்வரைவில் குதிரைக்கு முன்னே ஒரு பழைய மரக்கட்டை நின்று பாய்ச்சலைத் தடுக்கிறது. கண்காட்சி முடிந்து படம் வீடு திரும்பிய பிறகு, ஒருநாள் விடியலில் எழுந்து அக்கட்டையை இறுதிப் படத்திலிருந்து நீக்கினார். குதிரைக்கு வழி திறந்தது. திருத்தம் நல்ல திருத்தமே. எனினும் முன்வரைவின் இருண்ட வேகம் முழுவதும் இறுதிப் படத்துக்கு வந்து சேரவில்லை.

அவரது செப்பப்படியே அக்காலத்தவர்க்குக் கரடுமுரடாகப் பட்டது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஈரமான இலையின்மேல் ஒளி மின்னுவதைக் காட்ட அவர் வண்ணக்கத்தியால் இட்ட வெண்புள்ளிகளைப் பனித்தூள் என்று எள்ளினர். ‘வைக்கோல் வண்டி’ லண்டன் கண்காட்சியில் விலைபோகவில்லை. பாரிஸ் வணிகர் ஒருவர் வாங்கிச் சென்று 1824ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைத்தபோது அதற்குப் பொற்பதக்கம் கிடைத்தது.

வெளிக்கும் அறைக்கும் உள்ள உறவை உணர்த்தும் உச்சச் சான்று ‘ஹேட்லி கோட்டை’ ஓவியம். 1814இல், தேம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் முகத்தை நோக்கி நிற்கும் அச்சிதைந்த கோட்டையைக் கான்ஸ்டபிள் சென்று கண்டார். சிறிய ஏட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டார். தாம் மணக்க விரும்பிய மரியாவுக்கு அதுபற்றி மடலும் எழுதினார். பெண் வீட்டாரின் எதிர்ப்பால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போன அத்திருமணம் 1816இல் நடந்தது. ஏழு குழந்தைகள் பிறந்தனர். 1828 நவம்பரில் காசநோயால் மரியா மறைந்தார். அடுத்த ஆண்டு கான்ஸ்டபிள் அந்தப் பழைய ஏட்டைத் திறந்தார். உள்ளங்கையளவுப் பென்சில் வரைவு ஆறடி முன்வரைவாகி, பின்னர் ஆறடி ஓவியமாகி 1829இல் காட்சிக்கு வந்தது. புயலிரவு கழிந்த காலைப்பொழுது என அதன் பெயரிலேயே நேரத்தைக் குறித்தார். இடிந்த கோபுரம், அகன்ற நீர், வட்டமிடும் பறவைகள், அடங்காத வானம், தனியே நடந்துவரும் இடையன். 1814இல் அந்தக் குன்றின்மேல் நின்ற இளைஞர் இப்படத்தைத் தீட்டியிருக்க முடியுமா? கோட்டை அன்றும் இருந்தது. துயரம் அன்று இல்லை. குன்றிலிருந்து பெற்ற கோட்டுக்கு உரிப்பொருள் வந்து சேர 15 ஆண்டுகள் ஆயின. அக்காத்திருப்புக்கு இடமளித்தது வண்ணக்கூடம். அன்று வரைந்த கோடு இல்லையேல் காத்திருந்தும் பயனில்லை.

இத்துணை புகழ்ந்த நாம் ஒரு குறையைச் சொல்லாது விடின் திறனாய்வு ஒருதலைப்பட்சமாகும். முகிலுக்கு மணிக்கணக்கு எழுதிய அக்கண், வயலில் உழைத்தவரின் முகத்தை அவ்வளவு கூர்ந்து நோக்கவில்லை. போருக்குப் பின் ஆங்கில நாட்டின் கிழக்குப் பகுதிகளில் கூலி வீழ்ந்தது. 1816இலும் 1822இலும் உழவுத் தொழிலாளர் கலகங்கள் மூண்டன. அவர் ஆற்றங்கரைப் படங்கள் உருவான ஆண்டுகளும் அவையே. படத்திலோ புல்லறுப்போர் நெடுந்தொலைவில் வெண்புள்ளிகளாய் நிற்கின்றனர். ஆலை முதலாளியின் மகன் தம் இளமையின் ஊரைத் தீட்டினார்; அவ்வூரின் பசியைத் தீட்டவில்லை. நினைவு என்னும் வண்ணக்கூடத்துக்கு இப்படியும் ஓர் இடர் உண்டு. அது தனக்கு இனியதைத் தேர்ந்துகொள்ளும்.

எனினும் அவர் காட்டிய தொழில்முறை நமக்குப் பாடமாகவே நிற்கிறது. 1836இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய சொற்பொழிவில், இயற்கை ஓவியம் அறிவியலின் ஒரு கிளை எனவும், படங்கள் அதன் சோதனைகள் எனவும் கொள்ளத்தகும் என்று அவர் வாதிட்டார். சோதனை செய்பவன் முதலில் உள்ளதை உள்ளவாறு குறிக்கிறான்; பின்னர் அக்குறிப்புகளோடு தனித்திருந்து ஆய்கிறான். இரண்டில் ஒன்றை விட்டாலும் அறிவு கைகூடாது.

எழுதப் புகும் நம் இளைஞர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். வெளியே போகாது அறைக்குள்ளேயே இருந்து எழுதுபவன் பிறர் எழுதியதையே திரும்ப எழுதுவான். அவனிடம் நாளும் பொழுதும் இரா. கண்டதைக் கண்டவுடன் கொட்டிவிட்டு எழுந்துபோகிறவனிடம் நாளும் பொழுதும் இருக்கும், பொருள் இராது. பையில் ஓர் ஏடு, அதில் நாள் குறித்த ஒரு கோடு, அக்கோட்டோடு மீண்டும் அமர்வதற்குப் பொறுமை ஆகிய மூன்றும் வேண்டும். இம்மூன்றில் கடையில் கிடைப்பது ஏடு ஒன்றே.